காற்றாலையின் குறை

ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில், தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கின் வழியே சீறிப் பாயும் நாட்களில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் இராப்பகலாகச் சுழல்வதைக் கண்டவர்கள், நிலக்கரியும் புகையும் இல்லாத இந்தச் சக்திக்கு என்ன குறை இருக்க முடியும் என்று வியப்பது இயல்பே. குறை யந்திரத்தில் இருப்பதைக் காட்டிலும் காற்றின் சுபாவத்திலேயே அதிகமாக இருக்கிறது.

காற்று தரும் சக்தி அதன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. ஆகவே வேகம் பாதியாகக் குறைந்தால் சக்தி எட்டில் ஒரு பங்காக வீழ்ந்துவிடுகிறது. விநாடிக்கு மூன்று மீட்டருக்கும் குறைவான இளங்காற்றில் மின்சாரம் பிறப்பதில்லை. சுமார் 25 மீட்டரை எட்டும் சூறையிலோ, முறிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு யந்திரம் தானே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் ஸ்தாபிக்கப்பட்டிருந்தும், அவற்றின் விளைச்சலில் பெரும்பகுதி வைகாசி முதல் புரட்டாசி வரையிலான மாதங்களிலேயே கிடைக்கிறது. மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓயாது இயங்கும் சித்திரை வெயிலிலோ காற்று இன்னும் வலுப்பதில்லை. பத்தாயத்தில் கொட்டிவைத்த நெல்லைப்போல் மின்சாரத்தை அப்படியே சேர்த்துவைக்க வழியில்லாமையால், ஊர் உறங்கும் ஆடி மாதத்து நள்ளிரவில் காற்று பலமாக வீசும்போது சில ஆலைகளை வீணே நிறுத்திவைக்கவும், அது ஓயும் வேளையை உத்தேசித்து அனல்மின் நிலையங்களைச் சித்தமாக வைத்திருக்கவும் நேரிடுகிறது. உலையின் வெப்பத்தை அடிக்கடி ஏற்றி இறக்குவதால் அங்கே தேய்மானமும் செலவும் மிகுகின்றன.

கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் பொன்னிறக் கழுகுகள் காற்றாலை இறக்கைகளில் அடிபட்டு மாண்டதும், கண்ணாடி இழையாலான பழைய இறக்கைகளை உருக்கி மீண்டும் பயன்படுத்த இயலாமையும் வருந்தத்தக்கவையே. எனினும் பறவைகளின் பாதையை விலக்கி ஆலையமைப்பதும் இறக்கைக்கு வேறு பொருள் தேடுவதும் மனிதனால் ஆகக்கூடிய காரியங்கள். காற்றின் நேரத்தை மாற்றுவது ஆகாத காரியம்.

ஆகவே பரிகாரம் சேமிப்பில்தான் இருக்கிறது. ஆனைமலையிலுள்ள காடம்பாறையில், மின்சாரம் மிகுந்த வேளையில் நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி, தேவை மிகுந்த வேளையில் அதை இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இது சில மணி நேரத்துக் குறையைத் தீர்க்குமேயன்றிப் பருவத்தின் குறையைத் தீர்க்காது. ஆயினும் நள்ளிரவில் வீணாகும் காற்றை மாலை விளக்குக்கு உதவச் செய்யும். காற்றாலைகளை மேலும் பெருக்க முனைவோர், இத்தகைய நீர்த்தேக்கங்களை அவற்றுடன் கூடவே எழுப்ப வேண்டுகிறேன்.