"கவுண்ட் சரியா, சிஸ்டர்?"

வயிற்று ஆபரேஷன் முடியும் தறுவாயில், தையல் போடுமுன் சர்ஜன் கேட்கும் கேள்வி இது. சரி என்று பதில் வராமல் வயிற்றை மூடக் கூடாது. அறுவை சிகிச்சைச் செவிலியர் கற்கும் அடிப்படைகளில் தலையாயது இந்த எண்ணிக்கைதான் என்பேன்.

தியேட்டரில் இரண்டு செவிலியர் இருப்பார்கள். கை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் அணிந்து கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஸ்க்ரப் நர்ஸ். கருவி மேசையைத் தொடாமல் சுற்றி நின்று, வேண்டியதைப் பிரித்துத் தருபவர் சர்க்குலேட்டிங் நர்ஸ். கத்தி வைப்பதற்கு முன்பே இருவரும் சேர்ந்து காஸ் துணி, ரத்தம் ஒற்றும் மாப் துணி, ஊசி, கருவிகள் அனைத்தையும் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதிவிடுவார்கள். நடுவில் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்தால் அதுவும் கணக்கில் ஏறும். வயிற்றை மூடுமுன் ஒருமுறை, தோலைத் தைக்கும்போது மறுமுறை எண்ண வேண்டும். ரத்தத்தில் ஊறிய மாப் குடலோடு குடலாகக் கிடந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார்கள். கணக்கு உதைத்தால் வயிறு, தரை, குப்பைத் தொட்டி எல்லாம் தேட வேண்டும்; அப்போதும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. எவ்வளவு மூத்த சர்ஜன் அவசரப்படுத்தினாலும் "ஒன்று குறைகிறது, டாக்டர்" என்று சொல்லும் துணிவும் பாடத்தில் சேர்ந்ததே.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இருக்கிறது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் என மூன்று இடங்களில் நின்று சரிபார்க்கச் சொல்கிறது அது. டெல்லி உட்பட 8 நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் வாங்காமல் கிடைத்த பலன்!

தியேட்டருக்கு வெளியேயும் கண்காணிப்பு உண்டு. ஆபரேஷனுக்குப் பின் தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். நாடி ஏறி அழுத்தம் இறங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வலிக்கிறது என்றாலும் மறுநாளே எழுப்பி நடக்க வைப்பது, கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க.

ஆபரேஷனுக்கு முந்தைய தயாரிப்பில் முக்கியமானது, நோயாளியின் வீட்டாரும் கவனிக்க வேண்டியது, வெறும் வயிறு. மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. லேசான உணவென்றாலும் 6 மணி நேர இடைவெளி தேவை. "பாவம், பசிக்குமே" என்று ஒரு இட்லியை ஒளித்து ஊட்டிவிடாதீர்கள். ஊட்டிவிட்டீர்களா? தயங்காமல் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.