மருத்துவமனை ஏடுகளும் மேகக் கணிமையும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி காலையில், நம் நாட்டின் தலைசிறந்த மருத்துவ ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், புறநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் இடம் முதல் ரத்தப் பரிசோதனையின் முடிவை வார்டுக்கு அனுப்பும் கூடம் வரை அனைத்தையும் இயக்கி வந்த கணினிகள் திடீரென்று செயலற்று நின்றுவிட்டன. அத்துமீறி உள்ளே நுழைந்தவர்கள் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்களை எவரும் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டார்கள் என்பதைப் பின்னர் அரசாங்கமே பாராளுமன்றத்தில் தெரிவித்தது. ஏறக்குறைய இரண்டு வார காலம் அங்கே சீட்டும் ரிப்போர்ட்டும் பில்லும் கையாலேயே எழுதப்பட்டன. சேதமடையாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரில் பிரதி இருந்தபடியால் நோயாளிகளின் பதிவுகள் மீண்டன. அந்தப் பிரதியும் பூட்டப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை, மருத்துவமனை நிர்வாகிகள் ஒவ்வொருவரும் தத்தம் ஸ்தாபனத்தை மனத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பது அவசியம்; ஏனெனில் ‘கிளவுடுக்கு மாறலாமா, வேண்டாமா’ என்று இன்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

கிளவுட் எனப்படும் மேகக் கணிமை என்பது, ஒரு ஸ்தாபனம் தனக்கென்று சர்வர்களை விலைக்கு வாங்கித் தன் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துப் பராமரிப்பதற்குப் பதிலாக, வேறொருவர் நடத்தும் பெரிய டேட்டா சென்டரில் உள்ள கணினிகளின் சக்தியையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியே வேண்டும்போது வேண்டிய அளவு பெற்றுக்கொண்டு, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு. அமேசான் நிறுவனம் 2006-இல் இதை ஒரு வியாபாரமாக நிலைநாட்டியது. மைக்ரோசாப்ட் 2015-இல் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தன் நிலையங்களைத் திறந்தது. மத்திய அரசின் தேசிய தகவல் மையம் அரசாங்க உபயோகத்துக்கென்றே ‘மேகராஜ்’ என்ற கிளவுடை நடத்தி வருகிறது. ஆகவே நோயாளியின் ஏடு கடல் கடந்து எங்கோ போய்விடும் என்ற அச்சத்துக்கு இன்று இடமில்லை. நாட்டின் எல்லைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நூறு படுக்கைகளோடு நடக்கும் நடுத்தர மருத்துவமனையின் சர்வர் அறையைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாறுதல் ஏன் வேண்டியிருக்கிறது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. பில்லிங் கவுன்டருக்குப் பின்னால், முன்னொரு காலத்தில் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருந்த அறையில், ஒரே ஒரு ஸ்பிளிட் ஏசியின் காற்றை நம்பி சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் காலடியில் யுபிஎஸ் பாட்டரிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நாளும் இரவில் எடுக்கப்படும் பேக்கப், அதே அறையின் மேஜை இழுப்பறையில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும். தீப்பற்றினாலும் வெள்ளம் புகுந்தாலும் மூலமும் பிரதியும் ஒருசேர அழியும். இவற்றையெல்லாம் அறிந்தவர் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் ஓர் இளைஞர் மட்டுமே. அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் பழுது ஏற்பட்டால் அவர் திரும்பி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அந்தச் சிறிய அறைக்குள் வந்து சேரும் தகவல்களின் பெருக்கமோ சாமானியமானதன்று. சி.டி. ஸ்கேனில் உடலின் ஒரு குறுக்குவெட்டைக் காட்டும் படம் நீளவாக்கில் 512, அகலவாக்கில் 512 புள்ளிகளால் ஆனது. புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம் ஒரு படத்துக்கு அரை மெகாபைட் ஆகிறது. ஒரு நோயாளிக்கு 500 படங்கள் என்று கொண்டால் 250 மெகாபைட். நாள்தோறும் 40 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் 10 ஜிகாபைட். ஆண்டு முடிவில் மூன்றரை டெராபைட்டையும் தாண்டிவிடும். உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், கேட்டவருக்கு 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். நுரையீரலில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு முடிச்சு இன்றைய படத்தில் தென்பட்டால், அது புற்றுநோயாக இருக்கக்கூடுமா என்று நிதானிக்க டாக்டர் முதலில் தேடுவது அதே நோயாளியின் பழைய படத்தைத்தான். முந்தைய படத்திலும் அது அதே அளவில் இருந்திருந்தால் பெரும்பாலும் கவலை நீங்கும். வளர்ந்திருந்தால் உடனே சிகிச்சைக்கு வழிதேட வேண்டும். இடமில்லை என்று அந்தப் பழைய படத்தை அழித்துவிட்ட மருத்துவமனை, நோயாளிக்குச் செய்த தீங்கு இன்னதென்று தானே அறியாமற் போகும். சேமிப்பிடத்தை வேண்டிய அளவு பெருக்கிக்கொடுக்கும் கிளவுடின் பிரயோஜனம், என் அபிப்பிராயத்தில், இங்கேதான் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது.

சொந்த சர்வர்கள் சிறிய ஊர்களில் மட்டுமே கைவிடும் என்று எண்ணிவிடலாகாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் செவிலியர் பள்ளியை நிறுவிய பெருமையுடைய லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையும், அதனோடு ஒரே நிர்வாகத்தில் இணைந்த கைஸ் மருத்துவமனையும், ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இரண்டு டேட்டா சென்டர்களை வைத்திருந்தன. 2022 ஜூலை 19-ஆம் தேதி, பிரிட்டனின் வெப்பநிலை சரித்திரத்தில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய அன்று, குளிரூட்டும் இயந்திரங்கள் செயலிழந்து, இரண்டு சென்டர்களும் ஒரே நாளில் நின்றுபோயின. பழைய மென்பொருள்கள் முந்நூற்றுக்கும் மேல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையால் மீட்சி வாரக்கணக்கில் இழுத்தது. நெருக்கடி முடிந்ததென்று நிர்வாகம் அறிவிக்கச் செப்டம்பர் மாதம் ஆயிற்று. பிரதி இருந்தால் மட்டும் போதாது. மூலத்தைத் தாக்கும் ஆபத்து பிரதியை எட்டாத தூரத்தில் அது இருக்க வேண்டும். வெவ்வேறு நகரங்களில் நிலையங்கள் வைத்திருக்கும் கிளவுட் நிறுவனங்களால் இதைச் செய்து தர முடியும். தனி மருத்துவமனை ஒன்றால் அது எளிதில் ஆகாது. ஆனால் கேட்டு, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தினால்தான் செய்து தருவார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கிளவுடுக்குப் போய்விட்டால் பாதுகாப்புக் கவலை தீர்ந்தது என்று சில விற்பனைப் பிரதிநிதிகள் கூறும் வார்த்தையை நான் முற்றிலும் மறுக்கிறேன். வாடகைக்கு எடுத்த கிடங்கின் சுவரும் கூரையும் எத்தனை உறுதியாயினும், சரக்கை வைத்தவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் கிடங்குக்காரர் என்ன செய்ய முடியும்? கணினியும் மின்சாரமும் காவலும் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு; எந்தப் பணியாளர் எந்த ஏட்டைப் பார்க்கலாம், வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு அன்றே ரத்தாயிற்றா, நர்சிங் ஸ்டேஷனில் ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்பன மருத்துவமனையின் பொறுப்பு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளில் கணிசமான பகுதியைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கியதற்குக் காரணம், திருடப்பட்ட ஒரு பாஸ்வேர்டும், ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயிலும்தான். அதன் தாய் நிறுவனம் தாக்கியவர்களுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலரைக் கப்பமாகக் கட்டியது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பை ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கிறது: தகவலைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும், தகவலைத் திரட்டியவரே பொறுப்பாளி, தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இணைய இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைத்தான் டாக்டர்கள் முதலில் கேட்கிறார்கள்; அது நியாயமான கேள்வி. வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்புகள் வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். ஆயினும் இரண்டு கேபிள்களும் ஒரே தெருவின் ஒரே பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தால், சாலையைத் தோண்டும் ஓர் இயந்திரம் இரண்டையும் ஒரே வெட்டில் அறுத்துவிடும். வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டரும் எந்த நிலையிலும் வெளி இணைப்பைச் சார்ந்திருக்கக் கூடாது. அன்றைய உள்நோயாளிகளின் மருந்துப் பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு, கடைசி லேப் ரிப்போர்ட், அண்மைக்கால ஸ்கேன் படங்கள் ஆகியவற்றின் நகல் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சிறிய கணினியில் இருக்க வேண்டும். அச்சிட்ட படிவங்கள் வார்டில் தயாராக இருக்க வேண்டும்; அவற்றை நிரப்பும் பழக்கம் இரவு ஷிப்ட் நர்ஸுகளுக்கும் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி நிர்வாகிகள் கணக்கிடுகையில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். தகவலை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுப்பதற்கோ கட்டணம் உண்டு. ஐந்தாண்டு கழித்து வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், ஸ்கேன் படங்கள் உலகெங்கும் ஏற்கப்படும் டைகாம் வடிவத்திலேயே திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில், என்ன விலைக்கு என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கையெழுத்தான பின்னும் செய்ய வேண்டிய ஒரு பரீட்சை உண்டு. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். சென்ற ஆண்டு டிஸ்சார்ஜ் ஆன ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கேஸ் ஷீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படம் யாவற்றையும், மூலத்தைத் தொடாமல் பேக்கப் பிரதியிலிருந்து மட்டுமே, இதுவரை பயன்படுத்தாத வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் குறிப்பை அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவரிடம் கொடுத்து, மயக்கமுற்ற நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும் இரவில் அவ்வளவு நேரம் தம்மால் காத்திருக்க இயலுமா என்று கேட்க வேண்டும்.