மாரடைப்பும் மனச்சோர்வும்

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர் பேச்சின்றி அமர்ந்திருந்தால், சுற்றத்தார் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. சாவின் வாயிலைக் கண்டு மீண்டவருக்குக் கவலை இராதா என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர். சில நாளில் தணியும் கவலை இயல்பானதே. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, எதிலும் நாட்டமில்லாமற் செய்யுமாயின், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். இவ்விரு நோய்களும் ஓருடலிற் கூடினால் விளைவது யாது?

கனடாவில், மொன்றியல் இருதய நிலையத்தில், நான்சி பிரேசர் சிமித் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வொன்று 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாரடைப்புற்ற 222 பேரை வைத்தியசாலையிலேயே வினவி, பின்னர் ஆறு மாதம் அவர்கள் நிலையைக் கவனித்தனர். அவர்களுள் 35 பேரிடம் கடும் மனச்சோர்வு காணப்பட்டது. ஆறு மாதத்துள் மாண்டோர் 12 பேர். மனச்சோர்வுற்றோருள் இறந்தோர் நூற்றுக்கு 17 பேர். ஏனையோருள் நூற்றுக்கு 3 பேரே. இருதயப் பழுதின் அளவைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு மறையவில்லை.

இதற்குக் காரணங்கள் சில கூறப்படுகின்றன. மனஞ்சோர்ந்தவர் குளிகைகளை ஒழுங்காக உட்கொள்ளார். புகைப்பதைக் கைவிடுதலும் அவருக்கு அரிது. குருதியை உறையச் செய்யும் நுண்தட்டுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்வதும், இருதயத் துடிப்பை ஆளும் நரம்புகளின் செயல் மாறுபடுவதும் இத்தகையோரிடம் காணப்பட்டுள்ளன.

ஆயினும், ஆபத்தைக் காட்டும் குறி வேறு. ஆபத்தை விளைக்கும் காரணம் வேறு. கோழி கூவும் வேளையிற் பொழுது விடிகின்றது. கோழியைக் கூவாது தடுத்தால் விடியல் நின்றுவிடுமா? ஆகவே, மனச்சோர்வைத் தீர்த்தால் உயிரிழப்புக் குறையுமா என்பதைச் சோதித்தே அறியவேண்டியிருந்தது.

அச்சோதனை ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றது. அதன் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாரடைப்புக்குப்பின் மனச்சோர்வாலோ ஆதரவற்ற தனிமையாலோ வருந்திய 2,481 பேர், குலுக்கற்சீட்டுப் போன்ற முறையால் இரு பிரிவினராக்கப்பட்டனர். நோயாளரையே தெரிவுசெய்ய விட்டால், ஊக்கமுள்ளோர் ஒரு பக்கமே சேர்ந்து உண்மையை மறைத்துவிடுவர் அன்றோ? ஒரு பிரிவினர் வழக்கமான வைத்தியத்தைப் பெற்றனர். மற்றையோருக்கு அதனுடன் உரையாடல்வழி மனச்சிகிச்சையும், வேண்டியவிடத்து மருந்தும் அளிக்கப்பட்டன. சிகிச்சை பெற்றோரின் மனச்சோர்வு ஓரளவு கூடுதலாகத் தணிந்தது. ஆனால், சராசரி 29 மாதத்தின் பின் நோக்கியபோது, இறப்போ மறுமாரடைப்போ நேர்ந்தோர் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேரே.

தென்கொரியாவின் குவாங்ஜு நகரிலிருந்து 2018இல் வந்த செய்தி சற்று நம்பிக்கை தருவது. திடீர் இருதய நோயோடு மனச்சோர்வும் உற்ற 300 பேருள், ஒரு பாதியினர் எசிற்றலோபிராம் என்னும் மருந்தையும் மறுபாதியினர் மருந்துச்சத்தற்ற குளிகையையும் 24 வாரம் உட்கொண்டனர். ஏறத்தாழ எட்டாண்டுகளில் இறப்பு, மறுமாரடைப்பு, அடைபட்ட குருதிக்குழாயைத் திறக்கும் சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 41, பெறாதோரில் 54. எனினும், இறப்பை மட்டும் தனியே நோக்கின் உறுதியான வேறுபாடு இல்லை. ஒரே வைத்தியசாலையில் நடந்த ஆய்வாதலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின், மனச்சோர்வுக்கு மருத்துவம் எதற்கு? நோயாளரின் துன்பத்தைத் தீர்ப்பதற்கே. உறக்கமும் உணவில் விருப்பும் வாழ்வில் நாட்டமும் மீள்வது சிறிய பயனன்று. மேலும், அந்நோய் உள்ளவரை வைத்தியர் கூடுதலாகக் கண்காணித்தல் வேண்டும் என்பதும் தெளிவு. மனச்சோர்வுக்கான பழைய மருந்துகள் சில இருதயத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை. ஆதலின், பிறருக்குக் கொடுத்த குளிகையை வாங்கி உண்ணலாகாது. மாரடைப்புற்றவரின் மௌனம் வாரக்கணக்கில் நீளுமாயின், அடுத்தமுறை வைத்தியரைக் காணும்போது நெஞ்சுவலியைச் சொல்வதுபோலவே அதனையும் சொல்லுதல் வீட்டாரின் கடமையாகும்.