பெங்களூரில் வெளியான ரகசியச் சாவி: 38 ஆண்டுகளுக்குப் பின் விழித்த இந்தியா

புது தில்லி: எவராலும் ஒட்டுக்கேட்க இயலாத வகையில் ரகசியச் சாவியைப் பரிமாறிக் கொள்ளும் வழி ஒன்று 1984 டிசம்பரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெளியான இடம் அமெரிக்காவோ ஐரோப்பாவோ அல்ல. பெங்களூரில் நடைபெற்ற சர்வதேச மாநாடு. ஐபிஎம் விஞ்ஞானி சார்லஸ் பென்னட்டும், மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் கில் பிரசார்டும் அதன் ஆசிரியர்கள்.

ஆனால், அத் துறையை உள்ளடக்கிய தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2023 ஏப்ரல் 19-ம் தேதிதான். 2030-31 வரையிலான 8 ஆண்டுகளுக்கு மதிப்பீடு ரூ. 6,003.65 கோடி.

ஷானனின் நிபந்தனை: அமெரிக்கக் கணித மேதை கிளாட் ஷானன் 1949-ல் ஓர் உண்மையை நிறுவினார். செய்தியின் நீளத்துக்குச் சமமான, எவ்வித ஒழுங்கும் இல்லாத சாவியை ஒரே ஒரு முறை பயன்படுத்தினால், எத்தகைய கணினியைக் கொண்டும் அச் செய்தியை உடைக்க முடியாது என்பதே அது.

இன்றைய வங்கிப் பரிவர்த்தனைகளும் மின்னஞ்சலும் இவ் வகைப் பாதுகாப்பைப் பெற்றவை அல்ல. உடைக்க நெடுங்காலம் ஆகும் என்ற நம்பிக்கையே அவற்றின் அரண். இன்று பதிவு செய்து வைக்கப்படும் ரகசியம், ஆற்றல் மிக்க குவாண்டம் கணினி வரும் நாளில் அம்பலமாகலாம்.

அவ்வளவு நீண்ட சாவியை மறுமுனைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல். அதற்குத்தான் பெங்களூரில் விடை கிடைத்தது. சாவியை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பினால், இடையில் எவரேனும் அளக்க முயன்றதுமே அவற்றின் நிலை மாறிவிடும். திருட்டு வெளிப்படும், அந்தச் சாவி கைவிடப்படும்.

சீனா முந்தியது: சீனா இதற்கென 2016-ல் செயற்கைக்கோளை ஏவியது, 2017-ல் பெய்ஜிங்-ஷாங்காய் இடையே சுமார் 2,000 கி.மீ. தடத்தைத் திறந்தது. இந்தியாவில் 2021-ல் இஸ்ரோ ஆமதாபாதில் 300 மீட்டர் தொலைவுக்குச் சோதித்தது. 2022-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தில்லி ஐஐடியும் பிரயாக்ராஜ்-விந்தியாசல் இடையே 100 கி.மீ.க்கும் அதிகமான கண்ணாடி இழைத் தடத்தில் வெற்றி கண்டன. 2024-ல் தகவல் தொடர்புக்கான மையமாக, சி-டாட் நிறுவனத்துடன் இணைந்து சென்னை ஐஐடி தேர்வு செய்யப்பட்டது.

2025 ஜூனில் தில்லி ஐஐடி வளாகத்தில் 1 கி.மீ. தொலைவுக்கு வெட்டவெளியில் நடந்த சோதனையில் விநாடிக்குச் சுமார் 240 பிட் சாவி கிடைத்தது. ஷானனின் நிபந்தனைப்படி, ஒரு விநாடிச் சாவியால் 30 ஆங்கில எழுத்துகளை மட்டுமே மறைக்கலாம்.

குடிமகனுக்கு என்ன? அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை இம் முறையைத் தனது நாட்டின் பாதுகாப்புப் பணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. தனிக் கருவிகள் தேவை என்பதும், மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை இம் முறை மட்டுமே உறுதி செய்யாது என்பதும் அதன் வாதங்கள். குவாண்டம் கணினியையும் தாக்குப்பிடிக்கும் புதிய கணித முறைகளுக்கு அந் நாடு 2024 ஆகஸ்டில் தர நிர்ணயங்களை வெளியிட்டது.

ராணுவத் தலைமையகங்களை இணைக்கத் தனித் தடம் அமைக்கலாம். கோடிக்கணக்கான செல்போன்களுக்கு அது சாத்தியமில்லை. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைத்துள்ள குடிமகனைக் காக்கப் போவது அந்தக் கணித முறைகளே. அரசின் ரகசியத்துக்குக் காட்டும் அக்கறையை மக்களின் ரகசியத்துக்கும் அரசு காட்டுமா என்பதே நாடாளுமன்றத்தில் எழ வேண்டிய கேள்வி.