அதியமான்கோட்டையில் ஹம்மிங்பேர்டு உண்டா?

கியூபா தீவில் தேனீ ஹம்மிங்பேர்டு என்றொரு பறவை. அலகு முதல் வால் நுனிவரை அளந்தால் 6 செ.மீ.; எடை சுமார் 2 கிராம்தான். உலகில் இதைவிடச் சிறிய பறவை கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவப்பாக மின்னும், முதுகு நீலம். காடு, காட்டோரம், சதுப்பு நிலம், பூந்தோட்டம் என்று திரியும். காடு குறையக் குறைய இதன் எண்ணிக்கையும் குறைகிறது.

தருமபுரி - சேலம் சாலையிலுள்ள அதியமான்கோட்டையில் செம்பருத்திச் செடியில் தொற்றிக்கொண்டு தேன் குடிக்கிற சிட்டைக் காட்டி, “இதுதானே அது?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை ஒட்டிய தீவுகளையும் விட்டு வெளியே வாழ்வதில்லை. இது தேன்சிட்டு.

ஒரு வேடிக்கை: ஹம்மிங்பேர்டின் உண்மையான உறவுக்காரரும் இந்த ஊரில் இருக்கிறார். பனைமரத்தைச் சுற்றி ஓயாமல் பறக்கும் பழுப்பு நிறப் பனை உழவாரன்தான் அவர். பூப்பக்கமே போகாதவர், பறக்கும் பூச்சியே சாப்பாடு. தேன்சிட்டோ உறவுமுறையில் காகத்துக்கும் சிட்டுக்குருவிக்கும்தான் நெருக்கம். நீள அலகும் குழல் போன்ற நாக்கும் தேன் தேடிய பழக்கத்தால் தனியே வாய்த்தவை.

இங்கே சாதாரணமாகக் கண்ணில் படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. சுமார் 10 செ.மீ. நீளம். ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மஞ்சள், உச்சந்தலை பச்சை, தொண்டையும் பிட்டமும் ஊதா. பச்சை, ஊதாவின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் நிழலுக்குப் போனதும் அதே நிறங்கள் கறுப்பாகத் தெரிகின்றன. பெண் பகட்டில்லாதது: பழுப்பு முதுகு, வெள்ளைத் தொண்டை, மஞ்சள் மார்பு.

ஹம்மிங்பேர்டு நொடிக்கு 80 முறைவரை சிறகடித்து அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டுக்கும் சில விநாடி அப்படி நிற்க வரும், ஆனால் காம்பில் உட்கார்ந்து குடிப்பதுதான் அதற்குச் சௌகரியம். பூ நீளமாக இருந்தால் அடியில் துளையிட்டுத் திருடியும் விடும்.

வாழிடத்தில் இது பிடிவாதம் பிடிப்பதில்லை. வாசல் செடி, கொடிக்கம்பி, மின்வயர் எதிலும் நார், சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்குகளால் பை போன்ற கூட்டைத் தொங்கவிட்டு இரண்டு முட்டை இடும். குஞ்சுக்குத் தேன் போதாது. பூச்சியும் சிலந்தியும் பிடித்து ஊட்டுகிறது.

மாந்தோப்புக்காரர்களுக்கு மட்டும் இதன்மேல் ஒரு புகார் இருக்கலாம். மரத்தின் சத்தை உறிஞ்சும் புல்லுருவியை அவர்கள் வெட்டி எறிகிறார்கள். அதன் பூவில் தேன் குடித்து, மகரந்தம் சுமந்து, காய் பிடிக்க வைப்பதில் தேன்சிட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.