மருந்து வீடு தேடி வந்தால்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். இந்த வட்டாரத்துக் கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகளைப் பார்த்ததுமே பட்டாசு ஆலை என்று வெளியூர்க்காரருக்கும் விளங்கிவிடும். ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் வெடிபொருள் விதிகள் நடுவே அந்த வெற்றிடத்தைக் கேட்கின்றன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பதும் அதற்காகவே.

அதே வேலை வீட்டுக்கு வரும்போது இந்த இடைவெளி காணாமல் போகிறது. திண்ணையில் கருந்திரி, மூன்றடி தள்ளி அடுப்பு, கட்டிலுக்கு அடியில் வெடிமருந்து வாளி, மேலே தூங்கும் பிள்ளை. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு செய்தபோது நடந்த வெடிப்பில் குழந்தையும் இறந்தது. ஆலை விபத்தில் குழந்தை சாவது இன்று அரிது. வீட்டு விபத்தில் அது எப்போதும் நடக்கக்கூடியது.

விபத்துக்கு மறுநாள் செய்தித்தாளில் 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்ற வரி தவறாமல் வரும். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கலவைக்கு வெளியிலிருந்து தீ வேண்டியதில்லை. ஈரம் பட்டால் அலுமினியத்தூள் தானே சூடேறும், ஹைட்ரஜன் வாயு வெளியேறும். நேற்று கலந்து மீந்த மருந்தை இன்று காலை தொடுவது அதனால்தான் ஆபத்து. மழைக்காலத்தில் வீட்டு மூலையில் மூடி வைத்த வாளி யாரும் தொடாமலே பற்றக்கூடும். தண்ணீர் ஊற்றி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அலுமினியம் சேர்ந்த மருந்தில் அந்த நினைப்பு உயிரை வாங்கும்.

மருந்து சேராத காகிதக் குழாயை வீட்டில் உட்கார்ந்து சுற்றலாம், தவறில்லை. கருந்திரி அப்படிப்பட்டதல்ல. திரிக்குள் இருப்பது கரிமருந்து. சரவெடியையோ ஆலையிலும் செய்ய முடியாது; அதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது. ஆலைக்குள் செய்ய முடியாததைத் திண்ணையில் செய்யச் சொல்லி யாராவது கூலி பேசினால், அவர் தன் ஆபத்தை உங்கள் வீட்டில் இறக்கி வைக்கிறார் என்றே பொருள்.

சட்டமும் அந்த வாசற்படியில் திசை மாறுகிறது. அதிகம் பேசப்படாத விஷயம் இது.

உரிமம் உள்ள ஆலையில் ஒருவர் இறந்தால், அவர் குடும்பம் இழப்பீடு கேட்கும் இடத்தில் நிற்கிறது. வீட்டில் வெடித்தால் அதே குடும்பம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. உரிமமின்றி வெடிபொருள் தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். மருந்து கொடுத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வீட்டுக்காரர் பெயர் வீட்டுவரி ரசீதிலேயே இருக்கும். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்மீதே வழக்கு பாயும்போது, முதலாளி யார் என்று நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சீட்டைச் சேர்த்து வைக்க வேண்டியதும் இதனால்தான். கூலி கொடுத்த கவர், வருகைப் பதிவு, ஆலை வேன் ஏறிய இடம், போர்மேனோடு பேசிய அலைபேசி எண், இஎஸ்ஐ அட்டை இவையெல்லாம் வீட்டில் ஓரிடத்தில் இருக்கட்டும். ஆலை உள்குத்தகையில் ஓடுகிறதென்றால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகைக்காரர் கைவிரித்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பது எளிய பெருக்கல் கணக்கு. 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மரணம் நேர்ந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. ஊதியம் 15,000 ரூபாய் என்றால் 13,81,275 ரூபாய். இஎஸ்ஐயில் பதிவானவர் என்றால் இந்த மொத்தத் தொகைக்குப் பதில் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் என்று நிர்ணயித்தது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிணவறை வாசலில் பேரம் முடிகிறது. உடலை வாங்கும் அவசரத்தில் ஒரு காசோலை, ஒரு கையெழுத்து. மரண இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது, உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிய தாள் செல்லாது. 'அவராகத்தான் தப்பாக் கலந்தார்' என்ற வாதமும் மரணம் நேர்ந்த வழக்கில் எடுபடாது. கோரிக்கை மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

வழக்கு நடத்தித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு என்று யாராவது வீடு தேடி வந்தால் அனுப்பிவிடுங்கள். வழக்கறிஞர் ஆள் பிடிப்பதையும் இழப்பீட்டில் பங்கு பேசுவதையும் இந்திய வழக்கறிஞர் குழும விதிகள் தடுக்கின்றன. அந்த இடத்தில் உதவவேண்டிய அமைப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் வழக்கறிஞர் இலவசம். ஊருக்குள் வந்து முகாம் நடத்தும்படியும் அவர்களிடம் கேட்கலாம். ஆமத்தூர் வட்டாரத்துக்கு அது தீபாவளிக்கு முன்பே தேவை, ஏனென்றால் வேலை நெருக்கும் மாதங்களில்தான் மருந்து வீடு தேடி வருகிறது.

வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆலையிலிருந்து வந்தவர் அலுமினியத்தூள் படிந்த உடையோடு அடுப்படிக்குப் போகக் கூடாது. வாசலிலேயே குளித்து, உடையைத் தனியே துவைக்க வேண்டும். வேலைக்கு நைலான் சேலை வேண்டாம், பருத்தி போதும். தீப்பட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரைக் காட்டுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் சுத்தமான வேட்டியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

காட்டுப் பக்கம் புகை கண்டால் அங்கே ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் சத்தம் கேட்டுப் பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள்.

உங்கள் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் கருந்திரி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த வீட்டாரிடம் இன்றே பேசுங்கள். சட்ட உதவிக்கான கட்டணமில்லா எண் 15100.