பத்தின் அடுக்குகளில் சூரியக் குடும்பம்

சூரியனிலிருந்து நெப்டியூன் சராசரியாக 450 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. இலக்கத்தில் எழுதினால் 4,50,00,00,000. இதில் ஒரு சுழியம் விடுபட்டாலே போதும், நெப்டியூன் வியாழனைவிடச் சூரியனுக்கு அருகில் வந்துவிடும். இத்தகைய பிழைக்கு இடம் தராமல் பெரிய எண்களை எழுத உதவுவது அறிவியல் குறியீடு.

இம்முறையில் எந்த எண்ணும் இரு பகுதிகளாகப் பிரிகிறது. முன்னால் நிற்பது 1 முதல் 10-க்குள் அடங்கும் ஓர் எண், 10 ஆகாது. அதைப் பெருக்குவது பத்தின் ஓர் அடுக்கு. புவியின் சராசரித் தொலைவான 14,95,97,871 கிலோமீட்டரில் தசமப் புள்ளியை எட்டு இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 1.49597871 × 10⁸ கிடைக்கும். இரண்டு இலக்கங்களுக்குச் சுருக்கினால் 1.5 × 10⁸.

இரண்டு இலக்கம் போதுமா? புவியின் பாதை நீள்வட்டம் என்பதால், அது ஜனவரியில் சூரியனை 1.471 × 10⁸ கிலோமீட்டர் வரை நெருங்குகிறது, ஜூலையில் 1.521 × 10⁸ வரை விலகுகிறது. இரண்டையும் சுருக்கினால் 1.5 என்றே வரும். பொதுவான ஒப்பீட்டுக்கு அதற்கு மேல் இலக்கங்கள் தேவையில்லை.

கோள்களின் சராசரித் தொலைவு (கி.மீ.)

புதன்: 5.8 × 10⁷
வெள்ளி: 1.1 × 10⁸
புவி: 1.5 × 10⁸
செவ்வாய்: 2.3 × 10⁸
வியாழன்: 7.8 × 10⁸
சனி: 1.4 × 10⁹
யுரேனஸ்: 2.9 × 10⁹
நெப்டியூன்: 4.5 × 10⁹

இப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது அடுக்கை. புதனுக்கு மட்டும் 7. அடுத்த நான்கு கோள்களுக்கு 8. கடைசி மூன்றுக்கு 9. அடுக்கு ஒன்றாக இருந்தால்தான் முன்னெண்களை ஒப்பிட வேண்டும். முன்னெண் 5.8 என்பதால் புதன் நெப்டியூனைவிடத் தொலைவில் இருப்பதாகாது.

இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் புவியிலிருந்து ஏறத்தாழ 1.5 × 10⁶ கிலோமீட்டரில் நின்று சூரியனை ஆராய்கிறது. புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவின் முன்னெண்ணும் 1.5 தான். அடுக்கில் மட்டும் 2 குறைவு. ஆகவே விண்கலம் சென்றது சூரியனுக்குள்ள தொலைவில் நூறில் ஒரு பங்கு.

கணக்கிடும் முறை

வகுக்கும்போது முன்னெண்களை வகுத்து, அடுக்குகளைக் கழிக்க வேண்டும். ஒளி நொடிக்கு 3 × 10⁵ கிலோமீட்டர் செல்கிறது. 1.5 × 10⁸-ஐ அதனால் வகுத்தால் 0.5 × 10³. முறைப்படி எழுதினால் 5 × 10². சூரிய ஒளி புவியை அடைய 500 நொடிகள், அதாவது 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. நெப்டியூனுக்கு 1.5 × 10⁴ நொடிகள். நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

கூட்டவும் கழிக்கவும் அடுக்குகள் முதலில் சமமாக வேண்டும். புதனும் புவியும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் நேர்கோட்டில் வரும்போது, 1.5 × 10⁸-ஐ 15 × 10⁷ என மாற்றி 5.8 × 10⁷-ஐக் கழித்தால் 9.2 × 10⁷ கிலோமீட்டர். அப்போது இரு கோள்களுக்கும் இடையே ஏறத்தாழ இருக்கும் தொலைவு இதுவே.

அலகு மாறும்போது

கிலோமீட்டரை மீட்டராக்க அடுக்கில் 3 கூட்டினால் போதும். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2012-இல் ஒரு வானியல் அலகை 1.495978707 × 10¹¹ மீட்டர் எனத் திட்டவட்டமாக வரையறுத்தது. இது தோராய மதிப்பன்று. எனவே இங்கே எல்லா இலக்கங்களும் எழுதப்படுகின்றன.

கோள்களின் தொலைவு 10⁹-உடன் முடிகிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் 2.4 × 10¹⁰ கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி இருப்பது 4 × 10¹³ கிலோமீட்டரில். வாயேஜர் இத்தனை ஆண்டுகளில் கடந்த தொலைவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் என்பதை 10-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாடே காட்டிவிடுகிறது.